ஆலன் குல்விக்கி: 207 பந்தயம், 5 வெற்றி, ஒரு சாம்பியன் பட்டம். இவரை எங்கே வைப்பீர்கள்?

இடதுவளைவு எழுதியது:

நாஸ்கார் என்கிற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடர் பற்றிப் பேச்சு வந்தாலே ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட், ஜெஃப் கோர்டன் என்று மூன்று பெயரோடு முடித்துவிடுகிறோம். எட்டு வருடம்கூட முழுதாக ஓட்டாத ஒருவரைப் பற்றி இந்த இழை. ஆலன் குல்விக்கி. 1954 டிசம்பர் 14 அன்று பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரத்தை ஒட்டிய கிரீன்ஃபீல்டுக்காரர். அப்பா பந்தய கார்களுக்கு இன்ஜின் கட்டியவர். மகன் பகுதி நேரமாகப் பந்தயம் ஓட்டிக்கொண்டே விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து 1977-இல் பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்து நாஸ்கார் முழுக்கத் தென் மாநிலத்தாரின் உலகம். கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, டென்னசி. அப்பா ஓட்டினார், மகன் ஓட்டுகிறான் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். வடக்கிலிருந்து, கையில் பெட்டியோடு, கணக்கு நோட்டோடு, எதையும் யாரிடமும் விடாமல் தானே பார்க்கும் ஒரு ஆள் அங்கே போய் நின்றால் எப்படி இருந்திருக்கும்! 1985-இல் இருந்ததில் பெரும்பாலானவற்றை விற்றுக் காசாக்கி வட கரோலினாவுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்குச் சற்று முன்னால் அவருடைய டிரக் தீப்பிடித்தது. உள்ளே இருந்த சாமான்களும் போயின. வேறொரு டிரக்கை இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அந்த செப்டம்பரில் ரிச்மண்டில் முதல் பந்தயம். 1986-இல் ஒரு கார், இரண்டு இன்ஜின், சம்பளத்துக்கு இரண்டு ஆள். இந்தக் கையிருப்போடு அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். 1988 நவம்பரில் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி. 1992-இல் சாம்பியன். 1993 ஏப்ரல் 1 அன்று விமான விபத்தில் மரணம். வயது 38.

மொத்தம் 207 பந்தயம், 5 வெற்றி, 24 முறை போல் பொசிஷன் (தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்து, பந்தயத்தை முதல் இடத்திலிருந்து தொடங்குவது). இந்தக் கணக்கை வைத்து அவரை நடுத்தர ஓட்டுநர் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில், கடந்த ஐம்பது வருடத்தில் அந்த விளையாட்டில் ஒரு தனி மனிதன் செய்த மிகப் பெரிய காரியம் 1992 பட்டம்தான். உங்கள் கருத்து வேண்டும்.

—

பொன்வண்டு எழுதியது:

இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், நன்றி. ஒரு அடிப்படைக் கேள்வி. ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் வாங்கும் காரா? நான் ஃபார்முலா ஒன் மட்டும் பார்ப்பேன். நாஸ்கார் பார்க்க உட்கார்ந்தால் வட்டமாக இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஓட்டுநரின் திறமை எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

—

இடதுவளைவு எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. 1940-களின் கடைசியில் தொடங்கியபோது அது கிட்டத்தட்ட ஷோரூம் கார்தான். 1980-களில் வெளித்தோற்றம் மட்டுமே ஷோரூம் மாடல். உள்ளே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு, 358 கன அங்குல வி-8 இன்ஜின், கார்புரேட்டர், நான்கு கியர். குல்விக்கி ஓட்டியது ஃபோர்டு தண்டர்பேர்ட், எண் 7.

இடது பக்கம் மட்டும் திரும்புவதால் எளிது என்று தோன்றும். பிரிஸ்டல் தடம் அரை மைலுக்குச் சற்று அதிகம். கிண்ணம் மாதிரி சரிந்த வளைவுகள். அதில் 500 சுற்று. நாற்பது கார் வரை ஒன்றையொன்று உரசாத குறையாக ஓடும். பந்தயம் ஓட ஓட டயர் தேயும், டேங்கில் எடை குறையும், வெயில் இறங்கினால் தடத்தின் பிடி மாறும். காலையில் சரியாக இருந்த கார் மாலையில் வளைவில் மூக்கைத் திருப்ப மறுக்கும், இல்லாவிட்டால் வால் வெளியே வீசும். உள்ளே இருப்பவர் அதை உணர்ந்து, டயருக்கும் எரிபொருளுக்கும் பிட் என்கிற ஓரத் தளத்துக்கு வரும் சில நொடிகளில் எதை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். "கார் சரியில்லை" என்று மட்டும் சொல்கிற ஓட்டுநர் ஜெயிக்க மாட்டார். எந்தப் பக்கத்து ஸ்பிரிங், எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே பெரிய மதிப்பு. பிரிஸ்டலில் குல்விக்கி இரண்டு முறை ஜெயித்திருக்கிறார், 1991-இலும் 1992-இலும்.

—

செம்மண்சாலை எழுதியது:

இழை போட்டவர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1992-இல் டேவி ஆலிசன் 5 வெற்றி. பில் எலியட் 5 வெற்றி. குல்விக்கி 2. கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது முன்னிலையில் இருந்தது டேவி. அட்லாண்டாவில் ஐந்தாவதாக முடித்தால்கூடப் போதும், பட்டம் அவருக்கு. எர்னி இர்வானின் கார் சுழன்று குறுக்கே வந்தது, டேவி போய் மோதினார், கதை முடிந்தது. அது குல்விக்கி செய்த சாதனையா?

அந்த வருடம் டேவி பட்ட பாட்டையும் பாருங்கள். ஜூலையில் போகோனோவில் கார் உருண்டு, கை எலும்பு முறிந்தது. ஆகஸ்டில் மிச்சிகனில் பயிற்சியின்போது தம்பி கிளிஃபர்ட் இறந்துபோனார். அதே தடத்தில் அந்த வாரமே டேவி பந்தயம் ஓட்டினார். அப்படியொரு வருடத்தில் கடைசிப் பந்தயம்வரை முன்னிலையில் இருந்தவர்தான் என் கணக்கில் 1992-இன் வீரர். அவருடைய வாழ்க்கையும் குறுகியதுதான்: 191 பந்தயம், 19 வெற்றி. இழை போட வேண்டியது அவருக்கு.

—

கணக்கு டீச்சர் எழுதியது:

டேவி ஆலிசன் பட்ட வேதனையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அட்லாண்டாவில் நடந்ததை அதிர்ஷ்டம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். டேவி மோதி விலகிய பிறகும் அங்கே ஒரு பந்தயம் மிச்சம் இருந்தது, அது குல்விக்கிக்கும் எலியட்டுக்கும் இடையில். அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அப்போதைய முறையில் முதலிடத்துக்கு 175 பாயின்ட், இரண்டாம் இடத்துக்கு 170. ஒரு சுற்றாவது முன்னிலையில் ஓடினால் 5. அந்தப் பந்தயத்தில் அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்தவருக்கு இன்னொரு 5. அட்லாண்டாவுக்கு வரும்போது டேவிக்கு 30 பின்னால் குல்விக்கி, 40 பின்னால் எலியட். அதாவது குல்விக்கி எலியட்டைவிட 10 முன்னால்.

328 சுற்றும் முடிந்தபோது எலியட் முதலிடம், குல்விக்கி இரண்டாமிடம். எலியட் முன்னிலை வகித்தது 102 சுற்று. குல்விக்கி 103.

இப்போது கூட்டுங்கள். எலியட்டுக்கு 175 + 5 = 180. குல்விக்கிக்கு 170 + 5 + 5 = 180. இருவரும் அன்று சம்பாதித்தது ஒரே அளவு. பழைய 10 பாயின்ட் வித்தியாசம் அப்படியே நின்றது. இறுதிக் கணக்கு 4078, 4068.

ஒரே ஒரு சுற்று கைமாறியிருந்தால்? 103 எலியட்டுக்கு, 102 குல்விக்கிக்கு என்று வந்திருந்தால் அந்தக் கூடுதல் 5 இடம் மாறும். எலியட் 4073, குல்விக்கி 4073. சமமானால் யாருக்கு வெற்றி அதிகமோ அவருக்குப் பட்டம். 5 வெற்றியோடு எலியட் சாம்பியன் ஆகியிருப்பார். 29 பந்தயம் கொண்ட பருவம் ஒரு சுற்றில் நின்றது.

குல்விக்கியும் அவருடைய கிரூ சீஃப் (காரைத் தயார்செய்யும் ஆட்களின் தலைவர்) பால் ஆண்ட்ரூஸும் இதை முன்கூட்டியே தெரிந்து ஓட்டினார்கள். கடைசி பிட் ஸ்டாப்பைத் தள்ளிப்போட்டு, முன்னிலைச் சுற்றுகளைச் சேர்த்துக்கொண்டு, 310-ஆம் சுற்றுக்குப் பிறகுதான் எரிபொருளுக்கு உள்ளே வந்தார். அதிகச் சுற்று கணக்கு தன் பக்கம் உறுதியான பிறகு, முதலிடத்தை எலியட் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டு இரண்டாவதாக முடித்தார். இதற்கு நான் வைக்கும் பெயர் வேலை சுத்தம்.

—

செம்மண்சாலை எழுதியது:

டீச்சர், கணக்கு அருமை. இருவரும் 180 என்பதை நான் இதுவரை கவனித்ததில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பாயின்ட் முறையைச் சரியாகப் பயன்படுத்துவது ஒன்று, காரை வேகமாக ஓட்டுவது வேறு. முதல் வகைக்குத்தான் அன்று பட்டம் கிடைத்தது.

—

பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, கோயம்புத்தூர்ல முப்பது வருஷமா இன்ஜின் போர் அடிச்சு, கியர்பாக்ஸ் பிரிச்சு மாட்டுற ஆளு நான். அட்லாண்டா பந்தயத்துல யாரும் இன்னும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. முதல் பிட் ஸ்டாப்பிலேயே குல்விக்கி கார்ல ஃபர்ஸ்ட் கியர் போயிடுச்சு. மிச்சப் பந்தயம் பூரா ஃபர்ஸ்ட் கியர் இல்லாம ஓட்டினாரு.

ஓடிக்கிட்டு இருக்கும்போது அது பெருசில்ல, தடத்துல எப்பவும் டாப் கியர்தான். பிட்ல நின்னு கிளம்பும்போதுதான் உயிர் போகும். டாப் கியர்ல நின்ன இடத்துல இருந்து கிளப்பினா வண்டி திணறும், கிளட்ச் கருகும், இன்ஜின் ஆஃப் ஆகும். பசங்க பின்னாலிருந்து தள்ளி விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் நேரம் நஷ்டம்.

அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு. உடைஞ்ச பல்லு எங்கே போச்சு? கியர் ஆயில்லயே கிடக்கும். நல்லா சுத்திட்டு இருக்குற இன்னொரு கியருக்கு நடுவுல அந்தத் துண்டு போய் மாட்டினா மொத்த பெட்டியும் இறுகிடும். 500 மைல் பந்தயத்துல அந்தத் துண்டு எங்கேயும் சிக்காம இருக்கணும். உள்ளே உட்கார்ந்திருந்த ஆளு இன்ஜினியர், என்ன ஆகும்னு அவருக்கு எல்லாரையும்விட நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நிதானமா 103 சுற்று முன்னால ஓட்டியிருக்காரு. வேகம் இல்லாதவன் 500 மைல் பந்தயத்துல மூணுல ஒரு பங்கு முன்னிலையில ஓட முடியுமா தம்பி?

—

செம்மண்சாலை எழுதியது:

அண்ணே, இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கியர் விஷயம் தெரியும், உடைந்த பல் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் என்ற கோணத்தில் யோசித்ததில்லை.

—

இடதுவளைவு எழுதியது:

அண்ணே, மிக்க நன்றி. இந்த விளக்கத்துக்காகவே இழை போட்டது வீண்போகவில்லை.

நான் சொல்லாமல் வைத்திருந்த முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 1992-இல் பில் எலியட் யாருடைய காரை ஓட்டினார்? ஜூனியர் ஜான்சன் குழுவின் காரை. கேல் யார்போரோ மூன்று பட்டம், டேரல் வால்ட்ரிப் மூன்று பட்டம், ஆக ஆறு பட்டம் வென்ற குழு. அந்த ஜூனியர் ஜான்சன் குல்விக்கியைத் தன் காருக்கு அழைத்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. குல்விக்கி இரண்டு முறையும் மறுத்தார்.

இரண்டாவது மறுப்பு எப்படிப்பட்ட நேரத்தில் என்று பாருங்கள். அதுவரை ஸ்பான்சராக இருந்த செரெக்ஸ் 1990 முடிவில் விலகியது. அடுத்து ஒரு காபி நிறுவனத்தின் ஸ்பான்சர் தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். அந்தப் பணமும் ஜூனியர் ஜான்சன் குழுவுக்கே போனது. 1991 பருவத்தைக் கையில் முழு ஸ்பான்சர் இல்லாமல் தொடங்கினார். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் டேடோனா 500-இல் அமெரிக்க ராணுவத்தின் வண்ணத்தில் ஓட்டினார். மார்ச்சில் அட்லாண்டாவில், ஹூட்டர்ஸ் உணவக நிறுவனத்தின் பெயர் தாங்கிய வேறொரு ஓட்டுநர் தகுதிச் சுற்றில் தேறவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் பந்தயத்தில் ஓட வேண்டும், குல்விக்கியின் காரில் இடம் காலியாக இருந்தது. ஒரு பந்தயத்துக்கு என்று பேசினார்கள். அவர் எட்டாவதாக முடித்தார். அந்த உறவுதான் 1992 பட்டம்வரை வந்தது.

தன்னை விலைக்குக் கேட்ட குழுவின் காரை 10 பாயின்ட்டில் தோற்கடித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

—

பொன்வண்டு எழுதியது:

மறுத்ததற்குக் காரணம் என்ன? பிடிவாதமா? பணமும் நல்ல காரும் தேடி வரும்போது யாராவது வேண்டாம் என்பார்களா?

—

பட்டறைக்காரன் எழுதியது:

சொந்தப் பட்டறை வச்சிருக்கிறவன் கிட்ட கேட்டா சொல்லுவான். பெரிய இடத்துல போய் நின்னா சம்பளம் வரும், கருவி வரும், ஏசி வரும். எந்த பிஸ்டன் போடணும்னு நீ சொல்ல முடியாது. இந்த ஆளுக்கு அதுதான் முக்கியம். 1989-லயே இன்ஜினை வெளியே கொடுக்காம தானே கட்ட ஆரம்பிச்சாரு. கூட வேலை பார்த்தவங்க அவரோட சிரமப்பட்டிருக்காங்க, அதையும் சொல்லணும். எல்லாத்தையும் தானே பார்க்கணும்னு நிக்குற முதலாளிகிட்ட வேலை பார்க்குறது லேசு இல்ல. பின்னாடி ஜெஃப் கோர்டனோட மூணு பட்டத்துக்குக் கிரூ சீஃபா இருந்த ரே எவர்ன்ஹாம் 1992 தொடக்கத்துல குல்விக்கிகிட்ட கொஞ்ச நாள்தான் இருந்தாரு, ஒத்துவரல, போயிட்டாரு.

—

கணக்கு டீச்சர் எழுதியது:

செப்டம்பர் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோவரில் மோதி 34-ஆவது இடம். எலியட்டைவிட 278 பாயின்ட் பின்னால். மிச்சம் ஆறே பந்தயம். ஒரு பந்தயத்தில் அதிகபட்சம் கிடைப்பது 185. ஒவ்வொன்றிலும் எலியட்டைவிடச் சராசரியாக 46 பாயின்ட்டுக்கு மேல் கூடுதலாக எடுக்க வேண்டும். நடக்காத காரியம் என்று குல்விக்கியே டோவரில் நினைத்ததாகச் சொல்வார்கள். எலியட்டின் கார் அடுத்தடுத்து கோளாறாக, இவர் ஒரு பந்தயத்தையும் வீணாக்காமல் முடித்துக்கொண்டே வந்தார்.

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. எலியட்டுக்குக் கோளாறு வந்தபோது பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அட்லாண்டாவுக்கு வாய்ப்போடு வந்தவர்கள் ஆறு பேர்: டேவி ஆலிசன், குல்விக்கி, எலியட், ஹாரி கான்ட், கைல் பெட்டி, மார்க் மார்ட்டின். கோளாறு எல்லோருக்கும் பொதுவாகத்தான் திறந்து கிடந்தது.

—

செம்மண்சாலை எழுதியது:

சரி, இவ்வளவு கேட்ட பிறகு ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: அந்தப் பட்டம் குல்விக்கிக்குத் தகுதியானதுதான். அவரை மிகச் சிறந்த ஓட்டுநர் வரிசையில் வைக்க மட்டும் மனம் வரவில்லை. குறுகிய காலத்தில் மின்னியவர் யார் என்று கேட்டால் டிம் ரிச்மண்ட் பெயரைச் சொல்வேன். 185 பந்தயத்தில் 13 வெற்றி. 1986-இல் மட்டும் 7. ஹாரி ஹைட் மாதிரி பழைய கிரூ சீஃப் அவரோடு சேர்ந்தபின் நிறுத்த ஆள் இல்லை. 1987-இல் உடம்பு சரியில்லாமல் பருவத்தின் தொடக்கத்தை இழந்து, திரும்பி வந்து போகோனோவிலும் ரிவர்சைடிலும் அடுத்தடுத்து ஜெயித்தார். 1989 ஆகஸ்டில் எய்ட்ஸ் நோயில் இறந்தபோது வயது 34.

அவரை நாஸ்கார் நடத்திய விதம் இன்னும் ஆறாத புண். 1988-இல் போதைப்பொருள் சோதனையில் சிக்கினார் என்று தடை போட்டார்கள். கடையில் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கிற சளி மாத்திரையும் வலி மாத்திரையும்தான் அது என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அவர் ஓட்டவே இல்லை.

—

இடதுவளைவு எழுதியது:

ரிச்மண்டுக்குத் தனி இழை வேண்டும், நீங்களே தொடங்குங்கள், நான் வருகிறேன். சுத்தமான வேகம் என்று பார்த்தால் ரிச்மண்ட் மேலே, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் கேட்பது வேறு. ரிச்மண்டுக்கு ஹென்ட்ரிக் குழு இருந்தது, டேவிக்கு ராபர்ட் யேட்ஸ் குழு, எலியட்டுக்கு ஜூனியர் ஜான்சன். குல்விக்கிக்கு இருந்தது குல்விக்கி. ஸ்பான்சரிடம் பேசுவதும், ஆள் எடுப்பதும், இன்ஜின் வேலையைப் பார்ப்பதும், சனிக்கிழமை இரவு ஸ்பிரிங் கணக்குப் போடுவதும், ஞாயிறு மதியம் ஸ்டீயரிங் பிடிப்பதும் ஒரே ஆள். சொந்தக் குழுவில் சாம்பியன் ஆன ஓட்டுநர் அவருக்குப் பிறகு 2011-இல் டோனி ஸ்டீவர்ட்தான். ஸ்டீவர்ட்டின் குழுவில் அவர் பங்குதாரர். குல்விக்கி தனி முதலாளி.

கடைசிப் பந்தயத்துக்கு காரின் முகப்பில் "தண்டர்பேர்ட்" என்றிருந்த பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு, "அண்டர்பேர்ட்" என்று தெரியும்படி ஓட்டினார்; ஜெயிப்பார் என்று யாரும் எதிர்பார்க்காதவரைக் குறிக்கும் "அண்டர்டாக்" என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் அது. தன்னை யாரும் பொருட்டாக எண்ணவில்லை என்பதை அவரே காரில் எழுதிக்கொண்டார். ஃபோர்டிடமும் நாஸ்காரிடமும் முறையாக அனுமதி வாங்கித்தான் செய்தார், அதுவும் அவர் குணம்.

அன்றுதான் ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயம். ஜெஃப் கோர்டனின் முதல் பந்தயம். மூன்றும் ஒரே நாளில்: 1992 நவம்பர் 15.

—

வான்தளம் எழுதியது:

நான் விமானப் பராமரிப்புத் துறையில் இருப்பவன், பந்தயம் அதிகம் தெரியாது. விபத்து எப்படி என்று யாரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன்.

1993 ஏப்ரல் 1, வியாழக்கிழமை இரவு. டென்னசியில் நாக்ஸ்வில்லில் ஸ்பான்சரின் உணவகத்தில் ரசிகர்களைச் சந்தித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்டல் பந்தயத்துக்காக ட்ரை-சிட்டீஸ் விமான நிலையத்துக்கு ஸ்பான்சர் நிறுவனத்தின் சிறு விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். இரட்டை டர்போபிராப் இன்ஜின் கொண்ட மெர்லின் வகை. தரையிறங்கப் போகும் கட்டத்தில் ப்ளவுண்ட்வில் அருகே விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள்.

விசாரணை அமைப்பின் முடிவு: இன்ஜினின் காற்று நுழைவாயிலில் பனி படியாமல் காக்கும் அமைப்பை விமானி பயன்படுத்தத் தவறினார். இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். ஈரமான குளிர் மேகத்துக்குள் போகும்போது நுழைவாயிலின் விளிம்பில் பனி படியும். அதைச் சூடாக்கும் அமைப்பை மேகத்துக்குள் போகும் முன்பே போட்டுவிட வேண்டும். படிந்த பிறகு போட்டாலோ, வெப்பமான காற்றுக்கு வந்து தானாகப் பெயர்ந்தாலோ, பனிக்கட்டி மொத்தமாக இன்ஜினுக்குள் போய்ச் சுடரை அணைத்துவிடும். அதனால்தான் அம்மாதிரி வானிலையில் பற்றவைப்பு தொடர்ந்து இயங்கும்படி வைக்கச் சொல்லும் விதிமுறையும் உண்டு. எல்லாமே சில சுவிட்ச்சுகள். தரையிறங்கும் உயரத்தில் சக்தி போனால் சரிசெய்ய நேரம் கிடையாது.

எல்லாவற்றையும் தானே சரிபார்க்கும் மனிதர் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பயணியாக உட்கார்ந்த இடத்தில் அவருக்குச் சரிபார்க்க எதுவும் இல்லை. மனசு கனக்கிறது.

—

பொன்வண்டு எழுதியது:

பட்டம் வென்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சாம்பியனாக எத்தனை பந்தயம் ஓட்டினார்?

—

இடதுவளைவு எழுதியது:

ஐந்து.

வான்தளம் சார், விளக்கத்துக்கு நன்றி. விபத்துக்கு மறுநாள் பிரிஸ்டலில் நடந்ததையும் எழுதுகிறேன். அவருடைய குழு பந்தயத்திலிருந்து விலகியது. கார் ஏற்றி வரும் பெரிய டிரக் கறுப்பு மலர்வளையத்தோடு அந்தத் தடத்தில் மெதுவாகச் சுற்றிவிட்டு வெளியேறியது. மற்றக் குழுக்காரர்கள் மழைத்தூறலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு பந்தயத்தை ஜெயித்தவர் ரஸ்டி வாலஸ், விஸ்கான்சின் காலத்திலிருந்தே குல்விக்கியோடு போட்டி போட்டவர். ஜெயித்ததும் காரைத் திருப்பி, தடத்தில் எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார்.

அந்த எதிர்ச்சுற்று குல்விக்கி தொடங்கியது. ஃபீனிக்ஸில் முதல் வெற்றி கிடைத்தபோது அப்படி ஓட்டினார். அவர் போலந்து வழிவந்த குடும்பம் என்பதால் போலந்து வெற்றிச் சுற்று என்று பெயர் நின்றது. காரணம் எளிது. நாஸ்காரில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவார்கள், ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம், ரசிகர்கள் இருப்பதோ தடத்தின் வெளிப்பக்கம், அவருக்கு வலது. திருப்பி ஓட்டினால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ரசிகர்களைப் பார்த்தே ஆட்டலாம். 1992-இல் பட்டம் வென்ற மாலையிலும் அதையே செய்தார்.

—

செம்மண்சாலை எழுதியது:

அதே வருடம் ஜூலையில் டேவியும் போனார். டல்லடேகா தடத்தில் தான் ஓட்டிவந்த ஹெலிகாப்டரைத் தரையிறக்கும்போது விபத்து, மறுநாள் மரணம், வயது 32. 1992 பட்டத்துக்குப் போட்டி போட்ட முதல் மூவரில் இருவர் எட்டு மாதத்துக்குள் இல்லை. நவம்பரில் அதே அட்லாண்டாவில் வாலஸ் பந்தயத்தை ஜெயித்தார், எர்ன்ஹார்ட் பட்டத்தை ஜெயித்தார். இருவரும் சேர்ந்து எதிர்ச்சுற்று ஓட்டினார்கள், ஒருவர் கையில் டேவியின் 28 எண் கொடி, இன்னொருவர் கையில் 7 எண் கொடி. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் நான் டேவியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 7 யாருடையது என்று அன்று தேடவில்லை.

—

கணக்கு டீச்சர் எழுதியது:

உயிரோடு இருந்திருந்தால் இன்னொரு பட்டம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். 1990-களின் நடுவில் ஒரே முதலாளியிடம் இரண்டு மூன்று கார் ஓடும் குழுக்கள் மேலே வந்துவிட்டன. ஹென்ட்ரிக் குழுவில் ஒரு காரில் கற்றது மறுநாள் அடுத்த காருக்குப் போகும். தனி ஆளாக நின்றவருக்கு அந்த வசதி இல்லை. குல்விக்கியின் குழுவை வாங்கிய ஜெஃப் போடைன் சொந்தக் குழுவாகச் சில வருடம் நடத்தினார், 1994-இல் மூன்று வெற்றிகூட வந்தது, பிறகு நிலைக்கவில்லை. 1992 அந்த மாதிரி ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ கடைசி வாசல். அவர் அதற்குள் நுழைந்துவிட்டார்.

—

பட்டறைக்காரன் எழுதியது:

டீச்சர் சொல்றது நியாயம். ஆனா இந்த ஆளு சும்மா இருந்திருக்க மாட்டாரு, ரெண்டு கார் தேவைன்னு கணக்கு சொன்னா ரெண்டாவது காருக்கும் ஸ்பான்சர் தேடியிருப்பாரு.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு, இதோட சேராது, ஆனாலும் சொல்லணும். எங்க கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல நாஸ்கார் டிரக் தொடர்ல ஓட்டினாரு. மார்ட்டின்ஸ்வில்ல முதல் பந்தயம், 13-ஆவது இடம். ஃபார்முலா ஒன் ஓட்டினவருக்கே அந்தக் குட்டித் தடம் புது உலகம். அங்கே போய் நின்னு ஓட்டுறது என்னன்னு அப்போதான் இங்கே பல பேருக்குப் புரிஞ்சுது.

—

இடதுவளைவு எழுதியது:

நரேனின் டிரக் பந்தயங்களை நானும் பார்த்தேன், அண்ணே.

குல்விக்கியை 2019-ஆம் ஆண்டு வரிசையில் நாஸ்கார் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். அவர் பெயரில் இளம் ஓட்டுநர்களுக்கு உதவும் திட்டம் ஒன்று 2015-இல் தொடங்கியது. பணமில்லாமல் உள்ளூர்த் தடங்களில் ஓடுபவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நினைவுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் செய்ய முடியாது என்பது என் கருத்து.

—

பொன்வண்டு எழுதியது:

முழு இழையையும் இரண்டு முறை படித்தேன். 1992 அட்லாண்டா பந்தயத்தைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். முழுதாகப் பார்க்க நேரம் இல்லை என்றால் எங்கிருந்து தொடங்கலாம்?

—

இடதுவளைவு எழுதியது:

முடிந்தால் முழுதாகவே பாருங்கள். நேரம் இல்லையென்றால் முதல் பிட் ஸ்டாப்பைப் பாருங்கள், 7-ஆம் எண் கார் கிளம்பத் திணறுவது தெரியும். பிறகு 250-ஆம் சுற்றிலிருந்து தொடங்குங்கள், டேவி மோதுவது சற்று நேரத்தில் வரும். அதன்பின் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோட்டை முதலில் கடப்பது குல்விக்கியின் 7-ஆ எலியட்டின் 11-ஆ என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசி பிட் ஸ்டாப்பில் டயர் மாற்றவில்லை, எரிபொருள் மட்டும், அதுவும் கொஞ்சம். அது கடைசிவரை வருமா என்று அவர் மிச்சம் பிடித்து ஓட்டும் சுற்றுகளை வேகமாகத் தள்ளிவிடாதீர்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். செம்மண்சாலை, ரிச்மண்ட் இழைக்குச் சுட்டி போடுங்கள்.